பூட்டன் கன்னத்தில் வெள்ளைப் பொரி: பழைய எண்ணெய் ஓவியத்தைத் துடைக்கும் முன்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டுப் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், பூட்டன் படம் ஒன்று தொங்குகிறது. குடுமியும் கடுக்கனும் நேரியலுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் எழுதிய படம். ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அதை இறக்கினோம். அவர் கன்னத்திலும் நெற்றியிலும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் பொரிகள். "சுண்ணாம்பு தெறிச்சிருக்கு. கொஞ்சம் தேங்கா எண்ணெ தொட்டுத் துடைச்சா போயிரும்லா" என்றார் சித்தப்பா. துடைத்தார். பொரி போகவில்லை. படம் ஒரு வாரம் பளபளத்தது, அவ்வளவுதான். அடுத்த இடவப்பாதி மழைக்குள் அந்த எண்ணெய்மேல் தூசி அப்பி, தூசிமேல் பூஞ்சையும் பிடித்துவிட்டது.

அந்தப் பொரி வெளியிலிருந்து வந்து ஒட்டியதே இல்லை, படத்துக்குள்ளிருந்து முளைத்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. நாஞ்சில் நாட்டிலும், செங்கோட்டைப் பக்கமும், பாலக்காட்டுத் தமிழ் வீடுகளிலும் இப்படிப்பட்ட படங்கள் இன்னும் தொங்குகின்றன. ஒன்று உங்கள் கையிலும் இருந்து, என்ன செய்வதென்று புரியாமல் துணியை நனைத்துக்கொண்டிருந்தால், துணியைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

முதலில், அது எண்ணெய் ஓவியம்தானா?

இது அவமானப்படுத்தும் கேள்வி இல்லை. "எங்க வீட்ல ரவிவர்மா படம் இருக்கு" என்று பெருமையாகச் சொல்பவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது அச்சுப்படம். கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா, 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தன் ஓவியங்களைப் பல வண்ணக் கல்லச்சில் ஆயிரக்கணக்கில் போட்டார். ஒலியோகிராஃப் என்று பெயர். மேலே வார்னிஷ் பூசி, கித்தான் போலத் தெரிய வரிவரியாக அழுத்தியும் விடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் மாட்டுவாரே, அதுபோல் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிப் பாருங்கள். முகத்தில் வண்ணம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அச்சு. தூரிகை இழுத்த தடமும், வண்ணம் தடித்து நிற்கும் மேடும் தெரிந்தால் ஓவியம்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. புகைப்படத்தைப் பெரிதாக்கி அதன்மேல் வண்ணம் பூசியது. நம் ஊர்களில் காரணவர், அதாவது குடும்பத்து மூத்தவர், படங்கள் பல அப்படித்தான். லென்ஸில் பார்த்தால், வண்ணம் மெலிந்த இடங்களில், குறிப்பாகக் கண் ஓரத்திலும் காதருகிலும், கீழே சாம்பல் நிறப் புகைப்படம் எட்டிப் பார்க்கும். அச்சுக்கும் புகைப்படத்துக்கும் அடியில் இருப்பது காகிதம். அவற்றின் வைத்தியம் வேறு. பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு "இதுவும் அதே மாதிரிதானே" என்று கேட்பவர்களும் உண்டு. அது சுண்ணாம்புச் சாந்தின்மேல் எழுதியது, எண்ணெய் ஓவியத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்புறம், திருப்பிப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முகத்தையே பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர் முதலில் முதுகைப் பார்ப்பார். மெத்தைமேல் சுத்தமான பருத்தி வேட்டியை விரித்து, இரண்டு பேராகப் பிடித்து, சட்டத்தின் விளிம்பு மட்டும் படும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். முன்பக்கம் செதில் எழும்பியிருந்தால் கவிழ்க்கவே கூடாது. நிறுத்திவைத்தபடியே பின்னால் போய்ப் பாருங்கள்.

பின்னால் என்ன தேட வேண்டும்? கித்தானின் நெசவு, ஒட்டுப்போட்ட இடம், தண்ணீர் இறங்கிய கறை, மரச்சட்டத்தில் செல் அரித்த தடம், ஆணிகளின் துரு. கையெழுத்து இருந்தால் அதிர்ஷ்டம். எங்கள் படத்தின் பின்னால் பென்சிலில் 1089 என்று மட்டும் இருந்தது. பட்டணத்திலிருந்து வந்த மருமகன் அதை விலை என்றான். அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கு. 825ஐக் கூட்டினால் 1914. ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை உள்ள மாதம் என்றால் 824ஐக் கூட்ட வேண்டும். குமரி மாவட்டப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், இங்கே பழைய படங்களில் கொல்லம் ஆண்டு இருப்பதில் ஆச்சரியமில்லை. இந்தத் தேதி பின்னால் ஆய்வில் எப்படி உதவுகிறது என்று சொல்கிறேன்.

மூன்று வெளிச்சத்தில் பார்ப்பது

ஒன்று, பகல் வெளிச்சம். ஜன்னலுக்கு எதிரே இல்லாமல், நிழலான திண்ணையில் வைத்து முழுப்படத்தையும் கைபேசியில் எடுங்கள். பிறகு பகுதிபகுதியாக, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் தெரியட்டும்; படத்தின்மேல் ஒட்டாதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தை இப்படித்தான் 8,439 துண்டுகளாகப் படமெடுத்து ஒன்றாகத் தைத்தார்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 5 மைக்ரான் தூரம், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. நமக்கு அவ்வளவு வேண்டாம், இருபது படம் போதும்.

இரண்டு, சாய்வெளிச்சம். இதற்கு இணையான மலிவான கருவி கிடையாது. இரவில் அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஓவியத்தின் ஒரு ஓரத்தில் வைத்து, வெளிச்சம் பரப்பின்மேல் படுத்தபடி போகுமாறு அடியுங்கள். சாயங்கால வெயிலில் வயல் வரப்பெல்லாம் நிழல் விழுந்து தெரியுமே, அதுபோல் ஒவ்வொரு மேடும் குழியும் செதிலும் எழுந்து நிற்கும். இடம், வலம், மேல் என மூன்று பக்கமிருந்தும் அடித்து எடுங்கள். பகலில் வழவழவென்று தெரிந்த பூட்டன் முகம் டார்ச் வெளிச்சத்தில் அம்மைத்தழும்பு முகமாகத் தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று, புற ஊதா டார்ச். 365 நானோமீட்டர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். நீல ஒளியாகக் கொட்டும் மலிவு டார்ச்சில் எதுவும் தெரியாது. கண்ணுக்கு அதற்கான கண்ணாடி கட்டாயம். ஓவியத்தின்மேல் சில நிமிடங்களுக்குமேல் அடிக்க வேண்டாம். தம்மர், மாஸ்டிக் போன்ற இயற்கைப் பிசின் வார்னிஷ் பழசானால் இந்த ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். அதன்மேல் பிறகு யாராவது வண்ணம் தொட்டிருந்தால் அந்த இடம் மட்டும் கருப்புத் திட்டாகத் தெரியும். எங்கள் அத்தை வீட்டுப் படத்தில் ஒரு பாதி மினுங்கியது, மறுபாதி மினுங்கவே இல்லை. விசாரித்ததில், சட்டம் மாற்றக் கொடுத்த கடையில் "ஓசியாக" மர வார்னிஷ் பூசிக் கொடுத்திருக்கிறார்கள். அதை இனிமேல் கழற்றுவது யாருக்கும் எளிதில்லை.

கண்ணில் பட்டதற்குப் பெயர் என்ன?

பெயர் தெரியாமல் வைத்தியம் கிடையாது. எண்ணெய் ஓவியம் என்பது அடுக்கடுக்கானது. அடியில் கித்தான், அதன்மேல் பசை, பிறகு வெள்ளைத் தளப்பூச்சு, அதன்மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ். ஈரம் ஏறினால் பசை ஊதும், கித்தான் சுருங்கும். பழைய வண்ணம் மட்டும் இரண்டுக்கும் வளையாமல் வெடிக்கும். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊரில் இந்த இழுபறிக்கு ஓய்வே இல்லை.

வெடிப்பில் இரண்டு ஜாதி. முழு ஆழத்துக்கும் போகிற, ஓரம் கூர்மையான, வலைபோன்ற வெடிப்பு வயதால் வருவது. அகலமாக, ஓரம் மழுங்கி, இடையில் கீழ் வண்ணம் தெரிகிற வெடிப்பு, ஓவியர் அடி வண்ணம் காய்வதற்குள் மேல் வண்ணம் பூசியதால் வருவது. வற்றிய குளத்து வண்டல் மாதிரி இருக்கும். வட்டவட்டமாகச் சிலந்திவலை போல் இருந்தால் பின்னால் ஏதோ இடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஏணி. வெடிப்பு மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வெடிப்பின் ஓரம் கிண்ணம்போல் மேலே வளைந்திருந்தால்தான் கவலை. அடுத்து அது செதிலாக விழும்.

இனி வெள்ளை. புதிதாகப் பார்ப்பவர் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் நான்கு வெவ்வேறு விஷயங்கள் வெள்ளையாகத் தெரியும். நாவற்பழத் தோலில் படியும் சாம்பல்போல, நீலம் கலந்த மங்கலாகப் பரவியிருந்தால் வார்னிஷ் ஈரம் குடித்திருக்கிறது. பஞ்சுபோல், கிளைவிட்டு, ஈரச்சுவரில் சாய்ந்திருந்த பகுதியில் அதிகமாக, மக்கிய வாடையோடு இருந்தால் பூஞ்சை. வெடிப்புக்கும் வார்னிஷுக்கும் மேலே சப்பென்று உட்கார்ந்திருந்தால் உண்மையிலேயே சுண்ணாம்புத் தெறிப்பு. நான்காவதுதான் எங்கள் பூட்டன் கன்னத்தில் இருந்தது: தனித்தனிப் பொரி, கடினமானது, லென்ஸில் பார்த்தால் வெந்த ஜவ்வரிசிபோல் பாதி ஊடுருவித் தெரியும், வண்ணத்தைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கும். சில உச்சி உடைந்து பள்ளமாகியிருக்கும்.

அது சோப்பு. விளையாட்டில்லை. வீட்டில் தேங்காய் எண்ணெயில் காரம் சேர்த்துச் சோப்பு காய்ச்சியவர்களுக்கு இது உடனே புரியும். ஓவியத்துக்கு எடுப்பது ஆளி விதை எண்ணெய். அது காய்வது துணி காய்வது போன்றதல்ல. எதுவும் ஆவியாகிப் போவதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுகின்றன. பல்லாண்டு கழித்து, ஈரம் அந்தப் பின்னலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, கொழுப்பு அமிலங்களை அவிழ்த்துவிடுகிறது. சதை நிறத்துக்குப் பழைய ஓவியர்கள் தாராளமாகச் சேர்த்தது வெள்ளை ஈயம். அமிலமும் ஈயமும் சேர்ந்தால் ஈய சோப்பு. அது ஓரிடத்தில் திரண்டு, 100 முதல் 200 மைக்ரான் அளவுக்கு, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று இரண்டு பங்கு, முட்டிக்கொண்டு வெளியே வருகிறது. பூட்டனுக்கு வேட்டியில் இல்லாத பொரி கன்னத்தில் வந்ததன் காரணமும் ஏறக்குறைய இதுதான். வேட்டி வெள்ளைக்குத் துத்தநாகம் சேர்த்திருக்கிறார் ஓவியர். துத்தநாகமும் சோப்பாகும், ஆனால் அதன் குணம் வேறு: பொரிவதைவிட, அடுக்கை அப்பளம்போல் நொறுங்கச் செய்து கழற்றிவிடும்.

இது நம் வீட்டுப் படத்துக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஹேகு நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரெம்பிராண்டின் 1632ஆம் ஆண்டு ஓவியம், 'டாக்டர் டல்ப்பின் உடற்கூற்றுப் பாடம்', 1990களின் பிற்பகுதியில் செப்பனிடப்பட்டபோது இதே பொரிகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதுவரை சரியாக அரைபடாத நிறப்பொடி, மணல் என்றெல்லாம் நினைத்தவர்கள் உண்டு. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபின் படங்களிலும் இதே தொல்லை. அந்தப் பொரிகளை அளக்க, கையடக்கக் கருவியின் திரையும் கேமராவும் போதும் என்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஒரு முறையைக் காட்டினார்கள். டார்ச்சும் கைபேசியுமாக நாம் செய்வது அதன் ஏழை வீட்டுத் தம்பி.

ஈரத்தை அளப்பது

ஈரமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கியதும் நம்பிவிடாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். இது உப்பின் குணம், ஊர் மாறினாலும் மாறாது. உங்கள் மானி 81 காட்டினால் இனி எப்போதும் 6 கழித்துப் படியுங்கள்.

பிறகு ஓவியம் தொங்கும் சுவரில் வைத்து, காலையும் இரவும் குறித்து வாருங்கள். 65, 70க்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சை வரும். எங்கள் பட்டாசாலையில் ஆடி மாதம் 80க்குக் கீழே அது இறங்குவதே அபூர்வம். ஆனால் ஏறி இறங்கும் வேகம் அதைவிட மோசம். "அப்போ ஏசி ரூம்ல மாட்டிருவோம்" என்று என் தங்கை சொன்னாள். ராத்திரி மட்டும் ஓடி, பகலில் நிற்கும் ஏசி அறையைவிடப் பழைய வீட்டின் உள்சுவர் எவ்வளவோ மேல்.

ஈரத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 'அலறல்' ஓவியத்தைப் பல தடவை வரைந்தார்; ஆஸ்லோவில் உள்ள 1910 வாக்கிலான வடிவத்தில், மஞ்சள் வெளுத்தும் உதிர்ந்தும் வந்தது. வெளிச்சத்தைத்தான் சந்தேகிக்கத் தோன்றும். 2020இல் வெளிவந்த ஆய்வில், அந்தக் காட்மிய மஞ்சளைக் கெடுப்பது முதன்மையாக ஈரம் என்று தெரிந்தது. அங்கே 45 சதவீதத்துக்குமேல் போகக்கூடாது என்று பேசுகிறார்கள். நாம் 45ஐ மார்கழிப் பனிக்காற்றில்கூடப் பார்க்கப் போவதில்லை. முடிந்ததைச் செய்வோம்.

முடிந்தது என்பது இவ்வளவுதான்: மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். பூஜை விளக்குப் புகையும் அடுக்களை எண்ணெய்ப் புகையும் எட்டாத இடமாக இருக்கட்டும். நேர் வெயில் வேண்டாம். பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பரணில் போடுவது, பூஞ்சைக்கு நாமே தொட்டில் கட்டுவது.

கை வைக்கலாமா?

ஒரே ஒரு வேலைக்கு மட்டும். சாய்வெளிச்சத்தில் செதில், பூஞ்சை எதுவும் இல்லை என்று உறுதியானால், படத்தை நிறுத்திவைத்து, மிக மென்மையான அகலத் தூரிகையால் மேலிருந்து கீழே தூசி தட்டலாம். துணி வேண்டாம், நூல் செதிலில் மாட்டும்.

வெங்காயம், உருளைக்கிழங்கு, எலுமிச்சை, ரொட்டித்துண்டு, பல்பொடி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் ஏன் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் அதுதான் சர்வரோக நிவாரணி. எண்ணெய் காயுமா என்பதை அதன் அயோடின் எண் சொல்லும்; எண் கூடக்கூட நன்றாகக் காயும். ஆளி விதை எண்ணெய்க்கு 170க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில். அது நூறு வருடம் ஆனாலும் காயாது, பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எச்சில் தொட்டுத் துடைப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். செப்பனிடுவோர் உண்மையிலேயே பஞ்சில் எச்சில் தொட்டுத் துடைப்பதுண்டு. அதை ஆராய்ந்த போர்ச்சுகல்காரர்களுக்கு 2018இல் இக் நோபல் பரிசுகூட, அதாவது சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு, கிடைத்தது. ஆனால் எங்கே, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். நம் கைக்குத் தெரியாது.

செதில் விழுந்திருந்தால் ஃபெவிகால் தேடாதீர்கள். படத்தை முகம் மேலாகக் கிடத்தி, விழுந்த துண்டுகளைக் காகித உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று உறைமேல் எழுதுங்கள். ஈயமும், சிவப்பில் பாதரசமும் இருக்கக்கூடும். கையைக் கழுவுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வார்கள்?

லக்னோவில் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான தேசிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது; அதன் வட்டாரக் கூடம் மைசூரில். பெங்களூரில் இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு நடத்தும் ஓவியப் பாதுகாப்பு மையமும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக்கூடமும் உண்டு. நேரே படத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல், நீங்கள் எடுத்த மூன்று வெளிச்சப் படங்களையும் ஈரக்கணக்கையும் முதலில் அனுப்புங்கள். அதைப் பார்த்தாலே அவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.

படத்தைத் தொடாமலே எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் எந்தெந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். பின்னாலிருந்த 1089 இங்கேதான் உதவியது. டைட்டானியம் வெள்ளை வண்ணக்கடைகளுக்கு வந்தது 1920 வாக்கில். 1914இல் எழுதிய பூட்டனின் நேரியல் ஓரத்தில் டைட்டானியம் தெரிந்தால், பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தெரிந்தது. யார் என்று வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

தேவைப்பட்டால், ஏற்கெனவே சேதமான ஓரத்திலிருந்து குண்டூசித் தலையைவிடச் சிறிய துணுக்கு ஒன்றை எடுத்து, பிசினில் பதித்து, மெருகேற்றி, வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கிணறு வெட்டும்போது மண், சரல், பாறை என்று தெரிவதுபோல் எல்லா அடுக்கும் தெரியும். அகச்சிவப்பு நிறமாலையில் சோப்புக்கென்று தனி அடையாளம் உண்டு. அது இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. துணுக்கு எடுப்பதற்கு முன் உங்கள் சம்மதத்தை எழுத்தில் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

எங்கள் படத்தைப் பார்த்தவர், பூஞ்சையையும் சித்தப்பாவின் தேங்காய் எண்ணெயையும் எடுத்தார். பொரியைத் தொடவில்லை. அதைச் சுரண்டினால் கூடவே கன்னமும் போய்விடும், சோப்பு அடியில் இருக்கத்தான் செய்யும் என்றார். ஈரத்தைக் குறைத்து, வருடம் இரண்டு முறை அதே டார்ச்சை அதே கோணத்தில் அடித்துப் படமெடுத்து எண்ணி வரச் சொன்னார். தையில் ஒன்று, ஆடியில் ஒன்று. டார்ச் வைக்கும் இடத்தைத் தரையில் பெயிண்டால் குறித்திருக்கிறேன். போன ஆடியில் இடது கன்னத்தில் 41. இந்தத் தையிலும் 41. காதுமடலுக்குக் கீழே புதிதாக ஒன்று தெரிகிறது, அது பொரியா தூசியா என்று அடுத்த ஆடியில் பார்க்க வேண்டும்.